மனைவி என்ற சொல் அழகையாவையும் உள்ளடக்கும்

படைவீரர்களின் மனைவியருக்கு உதவி செய்ய வேண்டும் என்று 2007ஆம் ஆண்டில் மேலிடம் தீர்மானித்தது. இதற்கு யாரும் ஆட்சேபம் தெரிவிக்கவில்லை. யுத்தம் நடந்துகொண்டிருந்தது, ஆட்சேபம் தெரிவிக்கும் வழக்கமும் அப்போது குறைந்திருந்தது.

மாத்தளை மாவட்டத்தில், உக்குவளைக்கு அப்பால் கைவிடப்பட்டுக் கிடந்த ஒரு கொக்கோத் தோட்டத்தை ஐம்பது துண்டாக அளந்தார்கள். ஒவ்வொன்றும் பதினைந்து பேர்ச், ஒரு சிறு வீடு கட்டப் போதுமான நிலம். காணி உறுதி மனைவியின் பெயரில்தான் எழுதப்படும். களத்தில் சிப்பாய்க்கு ஏதும் நேர்ந்தால் காணி அவருடைய அண்ணன் தம்பிமாரிடம் போய்விடக் கூடாது என்ற நல்லெண்ணம். இந்த நல்லெண்ணத்தை நிறைவேற்றும் பொறுப்பு எங்கள் மாவட்டத்து அரசாங்கக் கந்தோர் ஒன்றுக்குக் கிடைத்தது. எந்தக் கந்தோர் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் மற்றக் கந்தோர்கள் தங்களை விட்டுவிட்டதாகக் கோபித்துக்கொள்ளும்.

அறிவித்தலைப் பார்த்து முதல் நாளே போய் நின்றவர் அழகையா.

அழகையா உக்குவளை ஸ்டேஷன் பக்கத்துத் தையல்காரர். அவருடைய மனைவி குசுமலதா இராணுவத்தில் கோப்ரல்; அநுராதபுரத்து முகாம் ஒன்றில் களஞ்சியமும் கோப்புகளும் பார்க்கிறவர். படையில் சேர்ந்த புதிதில் குசுமலதாவுக்குக் கொடுத்த காற்சட்டைகள் எல்லாம் ஆண்பிள்ளை அளவு. அவற்றைப் பெண்பிள்ளை அளவுக்குத் திருத்திக் கொடுத்தவர் அழகையா. மூன்றாவது காற்சட்டையில் கல்யாணம் முடிவாயிற்று. அதற்குப் பிறகு பெண் வீட்டுச் சிங்கள உறவும் பேசவில்லை, மாப்பிள்ளை வீட்டுத் தமிழ் உறவும் பேசவில்லை. இரண்டு இனங்களும் ஒரே முடிவுக்கு வந்த சம்பவங்களில் இதுவும் ஒன்று.

அவர்களுக்குக் காணி அவசரமாகத் தேவைப்பட்டது. வாடகைக்கு இருக்கும் தமிழர்களின் பெயர்களை வீட்டுக்காரர்கள் பொலிஸில் கொடுக்க வேண்டிய காலம் அது. பெயர் போகும். பொலிஸ் வரும். சுவரில் குசுமலதா சீருடையில் நிற்கும் படத்தைப் பார்த்ததும் வந்தவர்கள் தேநீர் குடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போவார்கள். ஆனால் பொலிஸ் சிரித்துக்கொண்டு போனாலும் வீட்டுக்காரருக்குப் பொலிஸ் வந்தது வந்ததுதான். இப்படி இரண்டு வீடு மாறியாயிற்று. மூன்றாவது வீட்டுக்காரர் சித்திரை வருஷப் பிறப்புக்குள் காலி பண்ணச் சொல்லிவிட்டார். ஆறு வயது மகள் நிலானி, "அப்பா, அடுத்த வீட்டுலயும் ஜன்னல் இருக்குமா?" என்று கேட்கத் தொடங்கியிருந்தாள்.

கந்தோரில் இந்தத் திட்டத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் ஸ்ரீஸ்கந்தராஜா. யாழ்ப்பாணத்துக்காரர், நேர்மையானவர், இருபத்தாறு வருட சேவையில் ஒரு கோப்பைக்கூடத் தொலைக்காதவர். அழகையா நீட்டிய படிவத்தை அவர் இரண்டு தரம் வாசித்தார்.

"என்ன காணும் இது? படைவீரரின் பெயர், குசுமலதா. சரி. மனைவியின் பெயர் எண்ட இடத்தை வெறுமையா விட்டிருக்கிறீர்."

"ஐயா, சம்சாரம்தாங்க ஆமியில இருக்காங்க. நான் அவங்க புருஷன்."

"அது எனக்கு விளங்குது. படிவத்துக்கு விளங்கேல்லையே."

"அப்ப மனைவிங்கிறத வெட்டிட்டு கணவன்னு எழுதிரவாங்க?"

ஸ்ரீஸ்கந்தராஜா பேனையைப் பறித்து மேசையின் மறுகரையில் வைத்தார். "அரசாங்கப் படிவத்தைத் திருத்திறது குற்றம்."

"அப்ப அந்த இடத்திலயும் குசுமலதான்னே எழுதிட்டா? மனைவி அவங்கதானேங்க."

"படைவீரரும் அவா, மனைவியும் அவா எண்டால், அவா தன்னைத்தானே கலியாணம் செய்திருக்கிறா எண்டு வரும். எந்தச் சட்டத்தில அது இருக்குது?"

அழகையாவுக்குச் சட்டம் தெரியாது. ஆகவே ஸ்ரீஸ்கந்தராஜா கொழும்புக்கு ஒரு கடிதம் எழுதினார். ஆறு கிழமை கழித்துப் பதில் வந்தது. அந்தப் பதிலை எங்கள் ஊரில் இன்றைக்கும் சிலர் மனப்பாடமாகச் சொல்வார்கள்:

"மேற்படி சுற்றுநிருபத்தில் வரும் 'மனைவி' என்ற சொல், படைவீரரைச் சட்டப்படி மணந்த எவரையும், கணவன் உட்பட, உள்ளடக்கும் எனக் கொள்ளப்படும். எனினும், அவ்வாறு உள்ளடக்கப்படுபவர் மனைவியருக்குரிய ஏனைய நிபந்தனைகள் யாவற்றையும் நிறைவேற்றுதல் வேண்டும்."

ஸ்ரீஸ்கந்தராஜாவுக்கு அந்த வாசகம் மிகவும் பிடித்துவிட்டது. பிரதி எடுத்து, தானும் ஒப்பம் வைத்து, அறிவித்தல் பலகையில் ஒட்டினார். பிறகு நிபந்தனைப் பட்டியலை அழகையாவிடம் கொடுத்து, "இனி உமக்கு ஒரு தடையும் இல்லை. நீர் இப்ப மனைவிதான்" என்றார்.

அழகையா நன்றி சொல்லிவிட்டு வந்தார்.

முதலாவது நிபந்தனை, மனைவி கருவுற்றிருக்கிறாரா இல்லையா என்று மருத்துவமாதுவிடம் சான்றிதழ் எடுப்பது. கருவுற்றவர்களுக்குப் பாதையோரத் துண்டு கொடுப்பதாக ஏற்பாடு. செவ்வாய்க்கிழமை கிளினிக்கில் வயிறு தள்ளிய பதினோரு பெண்களுக்கு நடுவில் அழகையா வாங்கில் உட்கார்ந்திருந்தார். முறை வந்ததும் மருத்துவமாது அவரைத் தராசில் ஏற்றி நிறை பார்த்தார். அது அவருக்குப் பழக்கம். காரணம் கேட்டதும் கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். அவருடைய தோள் குலுங்கியது. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கர்ப்பம் இல்லை" என்று எழுதி முத்திரை குத்தினார்.

ஸ்ரீஸ்கந்தராஜா முத்திரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "சரி. இது மூண்டு மாசத்துக்குத்தான் செல்லும். பிறகு திரும்பவும் காட்டவேணும்."

"மூணு மாசத்துல என்னங்க ஐயா ஆகிரப் போவுது?"

"எனக்கென்ன தெரியும்? அதுக்குத்தானே சான்றிதழ்."

இதுவரை அழகையாவுக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது. கடைக்கு வந்தவர்களிடம் கிளினிக் கதையை அவரே நடித்துக் காட்டினார். சிரிப்பு நின்றது இரண்டாவது நிபந்தனையில்.

படைவீரர் களத்தில் இருக்கும் காலத்தில் மனைவி ஒழுக்கத்துடன் நடந்துகொண்டார் என்று கிராம சேவகர் விசாரித்துச் சான்றிதழ் தர வேண்டும். கிராம சேவகர் பதுர்தீன் நல்ல மனிதர். அழகையாவிடம் நான்கு சேர்ட் தைத்தவர். அவர் ஒரு கொப்பியோடு கடைக்கு வந்து, தைத்துக்கொண்டிருந்த மெஷினைப் பார்த்தபடியே பேசினார்.

"மனசுல ஒண்டும் வெக்காதீங்க அழகையா. கேக்கோணும் எண்டு போட்டிருக்கு. ஒரு நாளைக்கு உங்கட கடைக்கு எத்தினை பொம்புளையள் வாராங்க?"

"பிளவுஸ் தைக்கிற கடைங்க. பொம்பளைங்கதான் வருவாங்க."

"அளவு எடுக்கிறது ஆரு?"

"நான்தாங்க."

பதுர்தீன் பெருமூச்சு விட்டு அதை எழுதிக்கொண்டார். அடுத்து பக்கத்துப் பலசரக்குக் கடையில் விசாரித்தார். எதிர் வீட்டில் விசாரித்தார். மகளின் பள்ளிக்கூட வாசலில் நின்ற தாய்மாரிடமும் விசாரித்தார். கேட்டது பதுர்தீன் ஒருவர்தான். ஆனால் அந்தக் கிழமை முழுக்க ஸ்டேஷன் ரோட்டில் அழகையாவைப் பார்த்தவர்கள் எல்லாரும் ஒரு கணம் கூடுதலாகப் பார்த்தார்கள். வழக்கமாகப் பிளவுஸ் கொடுக்கிற இரண்டு பேர் வராமலே விட்டார்கள். அழகையா தண்ணீர் எடுக்கப் போவதற்கும் சுற்றுமுற்றும் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை குசுமலதா தொலைபேசியில் வந்தபோது அவர் பொங்கிவிட்டார். "குசும், நான் ஒழுக்கமா இருக்கேனான்னு ஊர் முழுக்கக் கேக்குறாங்க!"

குசுமலதா கேட்டார்: "ஊர் என்ன சொல்லுது?"

"நீயுமா?"

குசுமலதா வாய்விட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, தனக்குத் தெரிந்த தமிழில் மெதுவாகச் சொன்னார்: "அழகையா, இந்த முகாம்ல பொடியன்களோட பொண்டாட்டி எல்லாருக்கும் அந்தக் கடதாசி வருது. நான்தான் கோப்புல போடுறது. எத்தனையோ போட்டிருக்கேன். ஒருத்தராவது ஃபோன் எடுத்து உன்ன மாதிரி கத்தினது கேக்கல்ல."

அழகையா, "சாப்பிட்டியா?" என்று கேட்டு வைத்துவிட்டார்.

சான்றிதழ் கிடைத்தது. "பெரும்பாலும் ஒழுக்கமானவர்" என்று பதுர்தீன் எழுதியிருந்தார். அளவெடுக்கும் தொழில் காரணமாக 'முழுவதும்' என்று எழுத அவருக்கு மனச்சாட்சி இடம் கொடுக்கவில்லை.

மூன்றாவது, திட்டத்துக்கு முன்பிருந்தே இயங்கும் மனைவியர் சங்கத்தில் அங்கத்துவம். அதற்கு ஓர் அட்டை கொடுத்தார்கள். அழகையாவின் படம், மீசையோடு. பக்கத்தில் சிங்களத்தில் 'பிரிந்த' என்று எழுதியிருந்தது. சிங்களத்தில் அதற்கு மனைவி என்று பொருள். தமிழ்க் காதில் வேறு மாதிரி விழும். வருஷத்தில் பத்து மாதம் அநுராதபுரத்தில் இருக்கும் பெண்ணைக் கட்டிய அழகையாவுக்கு இரண்டு மொழியிலும் அட்டை சரியாகத்தான் பட்டது.

சங்கக் கூட்டம் மாத்தளையில். வழியில் பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்கினார்கள். அழகையாவுக்குச் சோதனைச் சாவடி புதிதல்ல. தமிழ் அடையாள அட்டையைக் கொடுத்தால் அவர் மட்டும் தனி வரிசைக்குப் போவார்; அளவு நாடாவைக்கூட விரித்துப் பார்ப்பார்கள். அன்றைக்கு அவசரத்தில் கைக்கு வந்தது சங்க அட்டை. இளம் சிப்பாய் வாசித்துவிட்டு சார்ஜனைக் கூப்பிட்டார். சார்ஜன் வாசித்தார்.

"நீ யாருடைய பிரிந்த?"

"கோப்ரல் குசுமலதாவோட பிரிந்தங்க, சேர்."

சார்ஜன் படத்தைப் பார்த்தார். மீசையைப் பார்த்தார். இறுதியில் அட்டையை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்து, "எங்கள் வீரர்களின் மனைவியரை வெயிலில் நிறுத்தக் கூடாது" என்று சிப்பாயைக் கண்டித்து, பஸ்ஸில் முன் ஆசனத்தில் இடம் எடுத்துக் கொடுத்தார். பத்து வருஷமாக ஆண்பிள்ளையாக நின்று பெறாத மரியாதையை அழகையா அன்றைக்கு மனைவியாகப் பெற்றார்.

கூட்டத்தில் நாற்பத்து மூன்று பெண்கள் இருந்தார்கள். எல்லாரும் பச்சைக் கரை வைத்த வெள்ளைச் சேலை. அந்த வருஷம் அதுதான் மோஸ்தர். எந்த விழா என்றாலும் வீரர்களின் மனைவியரைப் பச்சைக் கரையில் வரிசையாக நிறுத்திப் படம் பிடிப்பார்கள். சேலை கட்டாயம் என்பதால் அழகையா தன் பங்குச் சேலையை நடுவில் வெட்டி, ஓரம் அடித்து, வேட்டியாகக் கட்டிக்கொண்டு போயிருந்தார். துணி ஒன்றுதான் என்று ஸ்ரீஸ்கந்தராஜா அனுமதித்திருந்தார்.

முதலில் ஒரு பெரிய இடத்து அம்மையார், லீவில் வரும் கணவனை வரவேற்க முகத்தை எப்படிப் பளிச்சென்று வைத்திருப்பது என்று ஒரு மணித்தியாலம் பேசினார். வெள்ளரிக்காய் முக்கியம் என்றார். அழகையா குறித்துக்கொண்டார். பிறகு எல்லாரும் எழுந்து, நெஞ்சில் கை வைத்து, "என் நாயகன் திரும்பி வரும்வரை நான் வேறு முகம் பாரேன், அவர் வராது போனாலும் பாரேன்" என்று உறுதிமொழி எடுத்தார்கள். நாற்பத்து மூன்று மெல்லிய குரல்களுக்கு அடியில் அழகையாவின் கட்டைக் குரல் தனியாகக் கேட்டது. முன் வரிசையில் ஒரு பெண்ணுக்குச் சிரிப்பு வந்தது. அது பின்வரிசைக்குப் பரவியது. உறுதிமொழி பாதியில் நின்றது.

கூட்டம் கலைந்தபோது ஸரீனா என்ற பெண் அவரிடம் வந்தாள். அவளுடைய கணவர் மன்னார்ப் பக்கம் லான்ஸ் கோப்ரல். அண்ணன் முறை வைத்துப் பேசினாள்.

"நானா, மனசு நோவாதீங்க. நாங்க உங்களப் பாத்துச் சிரிக்கல்ல. ரெண்டு வருஷமா இத மாசாமாசம் சொல்றம். இது சிரிப்பான விசயம் எண்டு இண்டைக்குத்தான் விளங்கிச்சு."

இரண்டாவது கூட்டத்துக்குக் கொழும்பிலிருந்து பணிப்பாளர் வந்திருந்தார். பச்சைக் கரை வேட்டியில் ஓர் ஆண்பிள்ளை நெஞ்சில் கை வைத்து "என் நாயகன்" என்று சொல்வதைக் கண்டதும் அவர் முகம் சிவந்துவிட்டது. கோப்பைக் கொண்டுவரச் சொன்னார். மருத்துவமாதுவின் சான்றிதழையும் கிராம சேவகரின் சான்றிதழையும் பார்த்தார்.

"ஒரு மனிதனிடம் இப்படியெல்லாம் கேட்பதா?" என்று சிங்களத்தில் சத்தம் போட்டார். "அவனுக்கு மானம் இல்லையா? அக்கம்பக்கத்தில் அவன் எப்படித் தலைநிமிர்ந்து நடப்பான்?"

அவருக்கு எதிரே நாற்பத்து மூன்று பெண்கள் அதே சான்றிதழ்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பணிப்பாளர் அவர்களைப் பார்த்து அன்பாகப் புன்னகை செய்தார்.

பத்தே நாளில் புதிய சுற்றுநிருபம் வந்துவிட்டது. படைவீரரின் கணவன் விவாகப் பதிவை மட்டும் காட்டினால் போதும். ஏனைய நிபந்தனைகள் மனித கௌரவத்துக்குப் பொருந்தாதவை என்பதால் கணவர்களுக்கு அவை செல்லா. மாவட்டத்தில் கணவர் ஒரே ஒருவர்தான். ஸ்டேஷன் ரோட்டில் அழகையா தொதல் இனிப்புப் பங்கிட்டார்.

திங்கட்கிழமை, லீவில் வந்திருந்த குசுமலதாவையும் விவாகப் பதிவையும் கூட்டிக்கொண்டு அவர் கந்தோருக்குப் போனபோது வாசலில் நீண்ட வரிசை. நாற்பத்து மூன்று பெண்கள். எல்லார் கையிலும் கணவர்களுக்கான புதுப் படிவம். முன்னால் ஸரீனா.

"என்ன பிள்ளை இது?" என்று ஸ்ரீஸ்கந்தராஜா கேட்டார். "கணவன் எண்ட இடத்தில உம்மட பேரை எழுதியிருக்கிறீர்."

"ஓம் சேர். நான் கணவன்."

"நீர் மனைவி!"

ஸரீனா அறிவித்தல் பலகையைக் காட்டினாள். "மனைவி எண்ட சொல்லு கணவனையும் உள்ளடக்கும் எண்டு நீங்கதானே ஒப்பம் வெச்சிருக்கீங்க? அப்ப நான் அதுக்குள்ள ஈக்கிறன். எந்தப் பக்கத்தில ஈக்கோணும் எண்டு அதில எழுதல்லையே."

ஸ்ரீஸ்கந்தராஜா எழுந்து போய்ப் பலகையின் முன் நின்றார். முன்னாலிருந்து பின்னாலும், பின்னாலிருந்து முன்னாலும் வாசித்தார். ஒப்பம் அவருடையதுதான்.

அழகையாவால் பொறுக்க முடியவில்லை. "ஐயா, அவங்கல்லாம் பொம்பளைங்க! உண்மையான புருஷன் நான் ஒருத்தன்தாங்க! முதல்ல அவங்ககிட்ட சான்றிதழ் கேளுங்க! கிராம சேவகர விட்டு விசாரிங்க!"

சொல்லி முடித்த பிறகுதான் குசுமலதா தன்னைப் பார்த்துக்கொண்டிருப்பதை அவர் கண்டார். அழகையாவுக்குக் காது சுட்டது. பதுர்தீனின் கொப்பி, தண்ணீர் எடுக்கப் போன வழி, வராமல் விட்ட இரண்டு பெண்கள் எல்லாம் நினைவுக்கு வந்தன. அவர் முன்னாலிருந்து விலகி, வரிசையின் கடைசியில் போய் நின்றார்.

"விடுங்கய்யா," என்றார். "எல்லாரும் கணவருங்கதான்."

தர்க்கத்தில் பிழை இல்லாதபடியால் ஸ்ரீஸ்கந்தராஜா நாற்பத்து நான்கு பேரையும் பதிந்தார். யாரிடமும் எந்தச் சான்றிதழும் கேட்கவில்லை. பெண்கள் பழைய சான்றிதழ்களைக் கந்தோர் வாசலிலேயே கிழித்துப் போட்டார்கள். கூட்டிப் பெருக்குகிறவருக்கு இரண்டு நாள் வேலை.

கணவர் தொகை கொழும்புக்குப் போயிற்று. மூன்று கிழமையில் பதில் வந்தது. மாத்தளை மாவட்டத்தில் படைவீரர்களின் கணவர்கள் நாற்பத்து நால்வர் இருப்பது பாராட்டத்தக்கது. ஆயினும் காணித் திட்டம் மனைவியருக்கானது. மாவட்டத்தில் மனைவி எவரும் இல்லை எனத் தெரியவருவதால் திட்டம் இத்துடன் நிறுத்தப்படுகிறது.

ஸ்ரீஸ்கந்தராஜா இடிந்துபோனார். நாற்பத்து நான்கு பேரையும் கூப்பிட்டு அனுப்பினார். "ஒரேயொரு ஆள் மனைவியாப் பதிஞ்சால் காணும். திட்டத்தை உயிரோட வைக்கலாம். ஆர் வாறீங்கள்?"

ஒருவரும் கை தூக்கவில்லை. மனைவியாக இருந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அங்கே எல்லாருக்கும் தெரியும்.

கடைசியில், மறுபடியும் லீவில் வந்து அழகையாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த குசுமலதா எழுந்தார். "நான் மனைவிதானே சேர். என்னப் பதியுங்க."

"ஆற்றை மனைவி?"

"அழகையாவோட."

"அவர் படையில இருக்கிறாரோ?"

"இல்ல. தையல் கடை."

"அப்ப உங்களுக்குத் தகுதியில்லை," என்று ஸ்ரீஸ்கந்தராஜா உண்மையான வருத்தத்தோடு சொன்னார். அந்த அறையில் மிஞ்சியிருந்த ஒரே மனைவி உட்கார்ந்தார்.

2008 சித்திரைக்கு முன் அழகையா குடும்பம் நான்காவது வீட்டுக்கு மாறியது. அதில் ஜன்னல் இருந்தது. பதுர்தீன் அதற்குப் பிறகு எந்தப் பெண்ணின் ஒழுக்கத்தையும் விசாரிக்க வேண்டி வரவில்லை. இதை அவரே வந்து நிம்மதியாகச் சொல்லி, இன்னொரு சேர்ட்டுக்குத் துணி கொடுத்துவிட்டுப் போனார்.

கொக்கோத் தோட்டத்துக் காணியை மேலிடம் வீணாக்கவில்லை. அடுத்த வருஷம் யுத்தம் முடிந்ததும் அதன் நடுவில் ஒரு மண்டபம் எழுந்தது. படைவீரர்களின் மனைவியர் செய்த தியாகத்தின் நினைவாக. திறப்பு விழாவுக்கு நாற்பத்து நான்கு பேருக்கும் தனித்தனியே அழைப்பு வந்தது: "கணவர்கள் தத்தம் மனைவியருடன் வருகை தந்து சிறப்பிக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்."

வாசலில் அழைப்பை வாங்கிப் பார்த்த உத்தியோகத்தர் அழகையாவையும் குசுமலதாவையும் முதல் வரிசையில் உட்கார வைத்தார். மனைவியைக் கூட்டி வராத குற்றத்துக்காக மற்ற நாற்பத்து மூன்று பேரையும் வெளியே நிறுத்திவிட்டார்.